முன்னின்று சுழற்றிய கை

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது நாம் தயங்கவே செய்தோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் சரக்குப் பேரேடுகளோடு காலம் தள்ளி வருபவர் நாம். கற்றறிந்தோர் எழுதும் மலரில் நமக்கென்ன இடம் என்று எண்ணினோம். ஆயினும், "உங்கள் மலை நாட்டுக் கதை ஏதேனும் எழுதுங்களேன்" என்று அன்பர்கள் வற்புறுத்தவே, நம் பாட்டனாரின் வளைந்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தோம். மணிக்கட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் மோட்டார் வண்டியின் வரலாற்றையே எழுத வேண்டியிருக்கிறது. பிழையிருப்பின் பெரியோர் பொறுப்பார்களாக.

மலையும் நாமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கிழக்கே சென்றால், சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் இருப்பது போனக்காடு. ஆங்கிலேயர் காடு திருத்தித் தேயிலை பயிரிட்ட இடம் அது. கொளுந்து கிள்ளவும், சுமை தூக்கவும், பாதை வெட்டவும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள். காலையில் மணியடித்தால் பிரட்டுக்களம், மாலையில் கொளுந்து நிறுவை, இரவில் மழையின் ஓசை. இவ்வளவே அவர்கள் உலகம்.

இன்று அந்தத் தேயிலை ஆலையின் ஓசை அடங்கிவிட்டது. அகத்தியர் மலை ஏறச் செல்வோரும், பாழடைந்த பங்களாவில் பேய் உலவுகிறது என்ற கதையை நம்பி வருவோரும் அங்கே போகிறார்கள். இல்லாத பேயைத் தேடி அத்தனை தூரம் போகிறவர்கள், அங்கே உண்மையாகவே வாழ்ந்து மறைந்த மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த மனிதர்களில் ஒருவர் நம் பாட்டனார். போனக்காட்டு லயத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் மலையை விட்டு இறங்கி, லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார். 1930-களின் நடுப்பகுதி அது. அவர் தொட்ட முதல் இயந்திரம் ஒரு பழைய ஃபோர்டு வண்டி. அதன் முன்னால் நின்று ஹாண்டில் சுற்றுவதே அவர் வேலை.

மோட்டார் வண்டிக் கதைகளை நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். வண்டியைக் கண்டுபிடித்தவர் யார், வாங்கிய மகாராஜா யார், ஓட்டிய துரை யார் என்றெல்லாம் அவை சொல்லும். வண்டியின் முன்னால் குனிந்து நின்று அதை உயிர்ப்பித்தவன் யார் என்பதை மட்டும் அவை சொல்லுவதில்லை. அந்தக் குறையை இயன்ற அளவு நிரப்புவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

தீ மூட்டுபவன்

தொடக்க முதலே சாலை வண்டி ஒருவனால் இயங்கியதன்று. 1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தார்கள். சாலையில் செல்லும் இயந்திர வண்டிக்கு மூவர் வேண்டும். அவர்களில் ஒருவன் சிவப்புக் கொடி பிடித்து 60 கஜம் முன்னால் நடந்து செல்ல வேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகமே செல்லலாம். ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்குச் சிவப்புக் கொடி புதிதன்று. ஆனால் வண்டி போகும் இடமெல்லாம் ஒரு மனிதன் கொடியோடு நடப்பது என்றால் அவன் கால்களை எண்ணிப் பாருங்கள்! 1896-ல்தான் மோட்டார் வண்டிகளுக்கு அந்தத் தளையெல்லாம் நீங்கியது.

பணக்காரர் வீட்டுக் காரோட்டியை 'ஷோபர்' என்று அழைப்பதை நம்மில் முதியோர் கேட்டிருப்பர். அது பிரெஞ்சுச் சொல். 'சூடேற்றுபவன்', அதாவது நெருப்பிடுபவன் என்பதே அதன் பொருள். நீராவி வண்டிகளின் கொதிகலனுக்குத் தீ மூட்டியவனுக்கு வழங்கிய பெயர், பிறகு காரோட்டிக்கு ஆயிற்று. ஆக, தொடக்கத்தில் வண்டி ஓட்டும் கலையைவிட அதைக் கிளப்பும் கலையே பெரிதாக மதிக்கப்பட்டது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

ஜெர்மன் நாட்டுக் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அதன் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. வலுவோ ஒரு குதிரைச் சக்திக்கும் குறைவு. பின்புறம் படுக்கை வாட்டில் பொருத்திய பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றியே அதனைக் கிளப்பினார்கள்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய மனைவி பெர்தா அம்மையார், கணவரிடம் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகரிலிருந்த தாய்வீட்டுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைபட்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். தேய்ந்த பிரேக்குக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். உலகத்தின் முதல் நெடும் மோட்டார்ப் பயணம் என்று கொண்டாடப்படும் அந்தப் பயணத்திலும், முன்னிருந்து ஓட்டும் கையோடு பின்னிருந்து தள்ளும் கையும் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வந்த கதை

நம் நாட்டுக்கு மோட்டார் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். சென்னையில் 1903-ஆம் ஆண்டில் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே. நீராவிக்கு ஹாண்டில் வேண்டுவதில்லை. ஆனால் பொறுமை வேண்டும். ரயில் எஞ்சின் ஒன்றுக்கு நெருப்பிட்டு நீராவி எழும் வரை ஷெட்டில் எத்தனை மணி நேரம் காத்திருப்பார்கள் என்பதை நம் குடியிருப்பின் மூத்த ஓய்வூதியர்கள் நன்கறிவர். கார் சிறிதானாலும் நியாயம் அதுவே. நினைத்தவுடன் புறப்பட விரும்பியவர்கள் பெட்ரோலின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

வண்டியைச் சொந்தமாக வாங்கும் வசதி பெரிய மனிதர்க்கே இருந்தது. அதனைப் பொதுமக்கள் ஏறும் ஊர்தியாக்கிய பெருமை தமிழர்களுக்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவரும் சிறிது காலம் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை. உத்தியோகத்தை விட்டு விலகி, 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு துரையின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். இன்று கோவையில் அவர் பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் பலவற்றைக் காணலாம். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், பழைய வண்டிகளின் முன்புறத்தில் அடியில் தெரியும் ஹாண்டில் துவாரத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டுகிறோம்.

திருவிதாங்கூருக்கு ரயில் வந்த பாதையும் இங்கே நினைக்கத் தக்கது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு 1904-ல் ரயில் ஓடியது. திருவனந்தபுரத்தை அது எட்டியது 1918-ல்தான். ஆனால் போனக்காடு போன்ற மலைத் தோட்டங்களுக்கு ரயில் எட்டவேயில்லை. அங்கே பொதி மாடும், கட்டை வண்டியும், மனிதத் தோளும் செய்த வேலையை ஏற்க மோட்டார்தான் மலையேற வேண்டியிருந்தது.

கிளப்பும் முறை

இனி, அந்த வண்டியை எவ்வாறு கிளப்பினார்கள் என்று காண்போம். நம் பாட்டனார் தொட்ட ஃபோர்டு வண்டி 'டி' மாதிரியைச் சேர்ந்தது. 1908-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் வெளிவந்து, 1927 வரை சுமார் 1 கோடியே 50 லட்சம் வண்டிகள் செய்யப்பட்ட மாதிரி அது. நான்கு சிலிண்டர், 20 குதிரைச் சக்தி, மணிக்கு 40 முதல் 45 மைல் வரை வேகம். 1908-ல் 850 டாலராக இருந்த விலை, 1925-ல் 260 டாலராக இறங்கியது. ஏழை நாடுகளின் கரடு முரடான பாதைகளுக்கு ஏற்ற வண்டி என்று பெயர் எடுத்தது.

இன்று நாம் சாவியைத் திருகினால் அல்லது பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்புகிறது. அன்று இருவர் சேர்ந்து ஒரு சடங்கைப் போலச் செய்தார்கள்.

முதலில், ஆசனத்தில் இருப்பவர் கை நெம்புகோலைத் தம் பக்கம் முழுதும் இழுக்க வேண்டும். அது பின் சக்கரங்களைப் பூட்டும்; எஞ்சினையும் சக்கரத்தினின்று பிரித்து வைக்கும். அதை மறந்தால், எஞ்சின் கிளம்பிய மறு கணமே வண்டி நகர்ந்து, முன்னால் நிற்பவன்மேல் ஏறிவிடும்.

இரண்டாவது, திருப்பு சக்கரத்தின் அடியில் இரு புறமும் மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் இரு நெம்புகோல்கள். வலப்பக்கத்தது பெட்ரோலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும். இடப்பக்கத்தது மின்பொறி தோன்றும் நேரத்தை முன்னும் பின்னும் மாற்ற. கிளப்பும்போது இடப்பக்க நெம்புகோல் முழுதும் மேலே இருக்க வேண்டும். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, முன்னால் நிற்பவன் பணி. தண்ணீர்த் தொட்டியின் அருகே வளையம் போல் ஒரு கம்பி வெளியே நீட்டியிருக்கும். அதை இழுத்துப் பிடித்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுதியாகப் போகும். சுவிட்சு போடாமல், கம்பியை இழுத்தவாறே ஹாண்டிலை இரண்டு மூன்று முறை மெல்லத் தூக்கி, எஞ்சினுக்குப் பெட்ரோலை உறிஞ்சக் கொடுக்க வேண்டும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போல என்பார் பாட்டனார். கூடினால் மூச்சு முட்டும், குறைந்தால் விழிக்காது.

நான்காவது, ஓட்டுபவர் சுவிட்சைப் போட்டுக் குரல் கொடுக்கிறார். பாட்டரி இருந்தால் மரப்பெட்டிகளில் அடைத்த நான்கு மின்சுருள்களில் ஒன்று வண்டு போல ரீங்காரம் செய்யும். பாட்டரி இல்லாத வண்டியில், எஞ்சினின் சுழல் சக்கரத்தில் பதித்த காந்தங்களே மின்சாரம் தர வேண்டும். அச்சக்கரம் சுழல்வதோ ஹாண்டில் பிடித்தவன் கையால். அதாவது, எஞ்சினை அசைத்ததோடன்றி, அதைப் பற்ற வைக்கும் பொறியையும் அந்தக் கையே உண்டாக்கியது!

ஐந்தாவது, ஹாண்டிலை உள்ளே அழுத்திப் பற்களோடு கோத்து, கீழிருந்து மேலாக ஒரே வேகத்தில் ஒரு சுண்டு. முழு வட்டமாகச் சுற்றக்கூடாது. மேலிருந்து கீழாக ஒருபோதும் அழுத்தக்கூடாது. இடக்கையால் இழுப்பதே பாதுகாப்பு. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஹாண்டிலைச் சுற்றிப் பிடித்தல் ஆகாது. நாம் சிறுவராக இருந்தபோது, கிணற்று வாளிக் கயிற்றைப் பிடித்தாலும் பாட்டனார், "ஏலே, கட்டைவிரலை உள்ளே வை!" என்று அதட்டுவார். அந்த அதட்டலின் பொருள் நமக்கு அப்போது விளங்கவில்லை.

எல்லாம் கூடி வந்தால் எஞ்சின் இருமும், குலுங்கும், ஓடத் தொடங்கும். உடனே ஓட்டுபவர் இடப்பக்க நெம்புகோலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். இரைச்சல் சீராகும், வண்டி புறப்பட ஆயத்தம். எஞ்சின் சூடாக இருந்து, நின்ற நிலையும் வாய்ப்பாக அமைந்தால், சுவிட்சைப் போட்டு நெம்புகோலைத் தட்டிய மாத்திரத்தில் தானே கிளம்பிவிடுவதும் உண்டு. அன்றைக்குக் கிளீனருக்குத் தீபாவளி.

ஒருவர் மறதியும் ஒருவர் எலும்பும்

இடப்பக்க நெம்புகோல் ஏன் மேலே இருக்க வேண்டும்? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி பற்றி எரிந்து முடிய ஒரு சிறு நேரம் பிடிக்கும். வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். எஞ்சின் வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி தோன்றினால்தான், எரிந்து முடியும் நேரமும் பிஸ்டன் கீழிறங்கும் நேரமும் பொருந்தும். ஆனால் கையால் மெல்லச் சுற்றும்போது பொறி முந்திக்கொண்டால் நிலைமை வேறு. பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. வெடிப்பு அதை எதிரே தள்ளுகிறது. எஞ்சின் பின்னோக்கிச் சுழல்கிறது. ஹாண்டில் பிடித்தவன் கையை அது எதிர்த்து அடிக்கிறது. 'ஹாண்டில் உதைத்துவிட்டது' என்று சொல்வார்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் விரல் போகும். கை விலகாவிட்டால் மணிக்கட்டு முறியும். மேல்நாட்டு மருத்துவர்கள் இந்த எலும்பு முறிவுக்கு ஓட்டுநர் முறிவு என்றே பெயரிட்டிருந்தார்கள். நம் நாட்டில் அதைக் கிளீனர் முறிவு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

நம் பாட்டனாருக்கு நேர்ந்ததும் அதுவே. ஆடி மாதத்து மழை நாள். முந்திய இரவு வெகுநேரம் கழித்து வந்து லாரியை நிறுத்திய டிரைவர், நெம்புகோலைக் கீழே இருந்தபடியே விட்டுவிட்டார். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஏறி உட்கார்ந்தவர் அதை மேலே தள்ள மறந்தார். "போடலாம்" என்று குரல் மட்டும் கொடுத்தார். பாட்டனாருக்கும் குளிர், வேலை புதிது, கட்டைவிரலைச் சுற்றியே பிடித்திருந்தார். ஒரு சுண்டுதான். எலும்பு முறிந்த ஓசை எஞ்சின் ஓசைக்கு முன்னே கேட்டது என்பார்.

வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் சற்று வளைந்தே கூடியது. கட்டோடு இருந்த நாட்களுக்குக் கூலி இல்லை. அந்த டிரைவர் தம் படியில் பாதியை ஒவ்வொரு சந்தை நாளிலும் நம் பாட்டனாரின் தாயாரிடம் கொண்டுவந்து கொடுத்தாராம். "அண்ணாச்சி, தப்பு என் பேரிலும் இருக்குது" என்று பாட்டனார் சொல்ல, "உன் விரல் தப்பு பண்ணிச்சு, என் புத்தி தப்பு பண்ணிச்சு. புத்திக்குத்தான் தண்டம் அதிகம்" என்றாராம் அவர்.

கை தேறிய பின் மீண்டும் இருவரும் அதே வண்டியில் வேலை பார்த்தார்கள். ஆனால் அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. டிரைவர் இடப்பக்க நெம்புகோலைக் கையால் தொட்டு, "மேலே!" என்று உரக்கச் சொல்வார். முன்னால் நிற்கும் பாட்டனார், "மேலே, கேட்டது!" என்று திருப்பிச் சொல்வார். அதன் பிறகே ஹாண்டிலில் கை படும். அவர்கள் சேர்ந்திருந்த காலம் முழுவதும் அந்த வழக்கம் ஒரு நாளும் தவறியதில்லையாம்.

நாம் ரயில்வேயில் சேர்ந்த பிறகு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்வதும், எண்களைப் பரிமாறி எழுதிக்கொள்வதும் கண்டோம். கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. படித்தவர்கள் புத்தகம் போட்டு வகுத்த அந்த விதியை, எழுத்தறியாத இரு மனிதர்கள் ஒரு முறிந்த எலும்பின் விலை கொடுத்துத் தாமே கண்டார்கள் என்பதை நினைக்கும்தோறும் நமக்கு மெய் சிலிர்க்கிறது.

மலைப் பாதையில்

கிளம்பிய வண்டியை ஓட்டுவதும் எளிதன்று. இன்றைய கார் ஓட்டத் தெரிந்தவரை அந்த ஃபோர்டில் அமர்த்தினால் திகைத்துப் போவார். காலடியில் மூன்று மிதிகள் உண்டு. ஆனால் பெட்ரோல் மிதி அவற்றில் இல்லை. அது கை நெம்புகோலில் இருக்கிறது. இடது மிதியை முழுதும் அமுக்கினால் மெது வேகம். பாதியில் நிறுத்தினால் எஞ்சின் தனியே ஓடும். முழுதும் விட்டால் விரைவு வேகம். நடு மிதி பின்னோக்கிச் செல்ல. வலது மிதி பிரேக்கு.

மேட்டில் ஏறும்போது இடது மிதியை விடாமல் அமுக்கியே இருக்க வேண்டும். விதுரையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் ஓட்டுபவரின் இடக்கால் மரத்துப் போகும். பெட்ரோல் டாங்கி முன் ஆசனத்தின் அடியில் இருந்தது. பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு கிடையாது. நீர் போலத் தானே கீழ்நோக்கி ஓடி எஞ்சினை அடைய வேண்டும். டாங்கியில் பெட்ரோல் குறைந்திருந்து மேடும் செங்குத்தாக இருந்தால், எஞ்சின் உயரமாகிவிடும், டாங்கி தாழ்ந்துவிடும், ஓட்டம் நின்றுபோகும். அப்போது என்ன செய்வார்கள்? வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றுவார்கள்! இது கட்டுக்கதையன்று, அந்த வண்டி ஓடிய நாடுகளிலெல்லாம் கையாண்ட முறை. மலைக்குப் புறங்காட்டி ஏறும் வீரன் என்று பாட்டனார் கேலி செய்வார்.

நீண்ட ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும். வழியில் ஓடை கண்ட இடமெல்லாம் கிளீனர் இறங்கி, தகர டின்னில் நீர் மொண்டு வர வேண்டும். வண்டி நின்றால் பின்னோக்கி உருளாதபடி மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டையோடு ஓடும் வண்டியின் பின்னே நடந்தே வருவான் கிளீனர். இங்கிலாந்தில் கொடியோடு முன்னே நடந்தவனும், நம் மலையில் கட்டையோடு பின்னே நடந்தவனும் ஒரே குலத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

கரி வண்டிக் காலம்

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பஸ் போக்குவரத்தைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வைத்தார். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்பவர் அதன் தலைமை அதிகாரி. சீமையிலிருந்து வந்த சட்டங்களின்மேல் உள்ளூரிலேயே கூண்டு கட்டி ஓட்டிய புது வண்டிகள். இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேர் அதுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது; பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மரக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவால் வண்டி ஓட்டும் முறை நாடெங்கும் பரவியது. மதுரையில் டி. வி. எஸ். நிறுவனம் அதற்கான கருவிகளைச் செய்து கொடுத்தது. பஸ்ஸின் பின்னால் உயரமான உலையொன்று தொங்கும். புறப்படுவதற்கு முன் கிளீனர் கரி கொட்டி, தீ மூட்டி, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவான். வாயு நன்றாகக் கிளம்பும் வரை சுற்ற வேண்டும். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் புகை. அதன் பிறகே முன்னால் போய் ஹாண்டில் சுற்ற வேண்டும். பெட்ரோல் வந்ததால் 'தீ மூட்டுபவன்' பட்டம் போயிற்று என்று எண்ணியவனுக்கு, போர் அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது! வளைந்த மணிக்கட்டோடு பாட்டனார் அந்த ஆண்டுகளையும் கடந்தார்.

கை ஓய்ந்தது

இவ்வாறு நம் நாட்டுக் கிளீனர்கள் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு மாற்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பவர், கடைகளில் பணம் பதியும் இயந்திரத்துக்குச் சிறு மின் மோட்டார் பொருத்தியவர். கணப்பொழுது மட்டும் பெரும் வலுவைத் தந்தால் போதும் என்ற அதே தத்துவத்தைக் காருக்கும் பயன்படுத்தினார். 1912-ஆம் ஆண்டுக் காடில்லாக் வண்டிகளில் மின்சாரத் தானியங்கி வந்தது. ஃபோர்டு 'டி' வண்டிக்கும் 1919 முதல் அது கிடைத்தது. கார் ஓட்டுவதற்குத் தோள் வலு வேண்டியதில்லை என்று ஆனதும், பெண்களும் முதியோரும் தாமே ஓட்டலாயினர். மனித குலத்துக்கு அது பெரு நன்மை, அதில் ஐயமில்லை.

ஆனால் நம் நாட்டில் பாட்டரி விலை உயர்ந்த பொருள். பழைய வண்டிகளோ ஏராளம். ஆகவே சீமையில் ஓய்ந்த ஹாண்டில் இங்கே வெகுகாலம் ஓயவில்லை. பின்னாளைய அம்பாசிடர் காரிலும் ஹாண்டில் நுழைக்கும் துவாரம் இருந்ததை நம் வயதினர் கண்டிருக்கிறோம். அந்தக் காரின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. இப்போது ஹாண்டில் என்றால் நம் பிள்ளைகள் கதவின் பிடியைக் காட்டுகிறார்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

ஒரு மோட்டார் வண்டி கிளம்புவதற்கு ஒரு காலத்தில் இருவர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒருவர் நின்றிருந்தார். உட்கார்ந்தவர் முகம் புகைப்படத்தில் விழுந்தது. நின்றவர் குனிந்திருந்ததால் விழவில்லை. இதுவே நாம் கண்ட வரலாறு. இதில் யாரையும் குறை கூற நாம் வரவில்லை. தம் படியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்த டிரைவரும் அந்த வரலாற்றில் இருக்கிறார் அல்லவா?

பாட்டனார் மறைந்தபோது நாம் பள்ளிச் சிறுவர். அந்த டிரைவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 'அண்ணாச்சி' என்றே அவர் சொல்லுவார். நாமும் அதனோடு விட்டுவிட்டோம். எத்தனையோ சரக்கு மூட்டைகளின் எண்ணைப் பிழையின்றிப் பேரேட்டில் ஏற்றும் நமக்கு, நம் குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒரு மனிதரின் பெயர் தெரியவில்லை. இன்று கேட்பதற்கு ஆளும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது நம்மை வாட்டிய துயரம் அதுதான்.

நம் குடியிருப்பில் உள்ள குடும்பங்கள் பலவும் பிழைப்புத் தேடி வந்தவையே. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டனோ பாட்டியோ ஏதேனும் ஒரு சக்கரத்தைச் சுற்றியிருப்பார். கொளுந்துக் கூடையைச் சுமந்திருப்பார். தண்டவாளத்தில் கல் கொட்டியிருப்பார். அவர்கள் பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்கள், கையில் என்ன தழும்பு இருந்தது என்று இன்றிரவே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை அந்தப் பெயர்களுக்கென்றே ஒதுக்கும்படி மலர்க் குழுவினரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் எழுதும் வேலையை நாமே ஏற்கிறோம். அது நமக்குப் பழகிய வேலை.

நாம் உரக்கச் சொல்லிவிட்டோம். கேட்டவர்கள் திருப்பிச் சொல்வார்களாக. சங்கம் தழைக்க! தமிழ்க் குடும்பங்கள் நலமுடன் வாழ்க!